புளியங்கொட்டை ஒட்டிய கார்டு

கிண்ணத்து நல்லெண்ணெயில் விரலைத் தோய்த்து அம்மாவின் தலையில் வைக்கப் போன பத்மினியின் மணிக்கட்டை அண்ணி தரணி இறுக்கிப் பிடித்தாள்.

“வேணான்டி. புள்ளத்தாச்சி பொணத்தைத் தொடக் கூடாது.”

பின்கட்டில் மறைப்புக்குப் புடவை பிடித்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு இந்திராணி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள்.

“முழுவாம இருக்கியா? அடிப் பாவி! உங்கம்மா கண்ணை மூடுற வரைக்கும் தெரியாதேடி!”

“தெரியும் அத்தை. கார்டு போட்டனே.”

“எந்தக் கார்டு? தெனம் வாசப்படியில குந்திக்கினு, ‘எம் பொண்ணு ஒரு கார்டு போடலியே, கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குன்னு வுட்டுட்டாளா’ன்னு பொலம்புவா. நேத்துகூட கேட்டா.”

பத்மினி தரணியைப் பார்த்தாள். தரணி அரப்பைக் கரைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கரைந்திருந்தது.

நகரித் தறிக்காரர் வீட்டுப் பெண், திருச்சானூர் ஆட்டோக்காரன் சிரஞ்சீவியோடு, அதுவும் வேற்றுச் சாதிக்காரனோடு போய்விட்டாள் என்றதும் அண்ணன் புருஷோத்தமன் தெருவில் நின்று கத்தினான். இந்த வீட்டுப் போனில் அவள் குரல் கேட்டால் வெட்டிப் போடுவேன் என்றான். அம்மா லட்சுமம்மாவுக்கோ சர்க்கரையில் கண் போயிருந்தது. பார்வை இல்லாதவளுக்கு என்னத்தை எழுதுவது?

திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறை பெருக்குகிற வேலை பத்மினிக்கு. அங்கே குப்பையில் விழும் சோப்பு டப்பா அட்டையும், கிண்டி எடுத்த மைதாப் பசையும், அஞ்சறைப் பெட்டியுமே போதும் என்று ஒருநாள் தோன்றியது. அட்டையைக் கார்டு அளவுக்கு வெட்டுவாள். பசை தடவிக் கடுகில் ஒரு பூ வைப்பாள். தபால் முத்திரை குத்தும்போது உதிராமலிருக்கப் பழைய, மெல்லிய வாயில் புடவைத் துண்டை மேலே இழுத்து ஒட்டுவாள். வாடகைக்கு வீடு பிடித்தபோது துடைப்பக் குச்சியில் ஒரு கூரை. பின்பக்கம் முகவரியும் தபால்தலையும்தான், வேறு எழுத்தே கிடையாது. இருட்டில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள் அம்மாவுடையவை. அவற்றுக்கு இது புரியாதா?

கடைசியாகப் போட்ட கார்டின் நடுவே ஒரே ஒரு புளியங்கொட்டை. சுற்றிலும் கல்யாணப் புடவை நூலில் ஒரு வட்டம். வயிற்றில் பிள்ளை என்று பெற்றவளுக்குச் சொல்ல அது போதும்.

தரணி அண்ணன் பெண்டாட்டி மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுத் தோழி. கடைக்குப் போகிற சாக்கில் திருட்டுத்தனமாகப் போன் போடுவாள். “அந்தக் கொட்டையைத் தடவினதுமே அத்தைக்குப் புரிஞ்சிபோச்சுடி. தலகாணிக்குக் கீழ வச்சிக்கினு தூங்குது.” போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னால், “ஐயோ, அது சத்தமா அழுதுடும், உங்கண்ணனுக்குத் தெரிஞ்சிடும்” என்பாள். பத்மினி அன்றைக்கெல்லாம் சந்தோஷத்தில் அழுதாள். லாட்ஜில் எல்லோரிடமும் சொன்னாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மகராசி அதைக் கூட்டு வைத்தே பரிமாறியிருக்கிறாள்!

“கார்டெல்லாம் எங்கடி?”

தரணியின் கண் தறிக்கூடத்துப் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பியது. பத்மினி எழுந்து உள்ளே போனாள்.

சாவு விழுந்ததால் தறிகள் நின்றிருந்தன. மூலைத் தறியின் கீழே தரை இறங்கிப்போய் ஒரு கால் எப்போதும் ஆடும். அதற்கு எதையாவது முட்டுக்கொடுப்பது வழக்கம். பத்மினி மண்டியிட்டுப் பார்த்தாள். அடுக்கடுக்காக அட்டைகள், எண்ணெய் ஊறிக் கறுத்து. கடுகுப் பூ நசுங்கியிருந்தது. துடைப்பக் குச்சிக் கூரை தட்டையாகிக் கிடந்தது. மேலே இருந்த கார்டு மட்டும் பாதி வெளியே நின்றது. புளியங்கொட்டை தடுத்ததால் முழுசாக உள்ளே போகவில்லை. இழுத்தாள். ஓரம் கிழிந்து வந்தது.

தரணி பின்னால் வந்து நின்றாள். “உங்கண்ணன் போஸ்ட்மேன்கிட்டயே வாங்கிடுவாரு. அவளுக்கு இதான் எடம்னு அங்க சொருவுவாரு. நான் இன்னா பண்ணட்டும்? நீ அங்க அழுவியேன்னுதான்...”

“அவன் கோவக்காரன். ஊருக்கே தெரியும். நீ நம்ப வச்சிக் கழுத்தறுத்தியேடி! கார்டு சேரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெட்டுனா வெட்டட்டும்னு ஓடியாந்து அம்மா மடியில வுழுந்திருப்பனே!”

தரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்மினிக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பின்கட்டுக்குத் திரும்பி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தொடாதம்மா, வயித்துல கீற புள்ளைக்கு ஆவாது,” என்றாள் இந்திராணி.

“ஆயாவைத் தொட்டா பேரப்புள்ளைக்கு இன்னா ஆவும் அத்தை?”

அம்மாவின் ஆள்காட்டி விரல் விறைத்துப் போயிருந்தது. பத்மினி அதைப் பிடித்துப் புளியங்கொட்டையின் மேல் வைத்தாள். பிறகு நூல் வட்டத்தின் வழியே மெதுவாக ஒரு சுற்று இழுத்தாள். குளிப்பாட்டிப் புதுப்புடவை கட்டியபோது அந்தக் கார்டை மடிப்புக்குள் செருகினாள்.

செத்த வீட்டில் யாரையும் துரத்தக் கூடாது என்பதால் புருஷோத்தமன் தங்கையைப் பார்க்காமலே கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தவன், அவசரச் சரக்கு என்று தறியை ஓட்டினான். தறி டக்டக்கென்று தரையை இடித்தது. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

“தரணி, இங்க மேல இருந்த அட்டை எங்க?”

“எலி இழுத்துக்கினு போயிருக்குங்க,” என்றாள் தரணி. கொஞ்சமும் பிசிறில்லாத, போனில் பேசுகிற அதே குரல்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பத்மினி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். புருஷோத்தமன் அப்படியே மறுபடி ஓட்டிவிட்டான் போல. தெரு முனை திரும்பும்வரை தறியின் அந்தக் கால் இடித்துக்கொண்டே இருந்தது.