கரூர் போன சாவி

காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ என்று சேலத்திலிருந்து சோபியாவை வரவழைத்திருந்தது நாமக்கல்லில் இருந்த அந்த விடுதிப் பள்ளி. வந்தால், வாட்ச்மேனுக்கே விஷயம் தெரியவில்லை. ஆபீஸில் இருந்த கிளார்க் ரஞ்சிதா மட்டும் ஒரே குறியாக இருந்தாள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"சார் வர்ற வரைக்கும் ஏழாங்கிளாஸைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? மிஸ்ஸு லீவுங்க."

வேலைக்கே சேராதவள் மதியம் வரை பிள்ளைகளை மேய்த்தாள். விருந்துக்கு வந்தவள் கையில் கரண்டியைக் கொடுத்த கதைதான்.

சாப்பாட்டு நேரம் கழிந்து கரஸ்பாண்டன்ட் செல்லமுத்து வந்தார். காதில் போன், தன் கோழிப்பண்ணை முட்டைக்கு விலை இறங்கிய கோபம் முகத்தில். சோபியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, யாருடைய விண்ணப்பத்தையோ பிரித்து வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஹிந்தி எத்தனை வருசமா எடுக்கற?"

"நான் கெமிஸ்ட்ரிங்க சார்."

"ஏதோ ஒண்ணு. கல்யாணம் ஆச்சா? ஆயிருந்தா லீவு கேப்ப. சரி, நாளைக்கே சேந்துக்க. சர்டிபிகேட் ரெண்டு வருசம் இங்கதான் இருக்கும்."

மறுநாள் சோபியாவுக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வேறொரு பள்ளியில் இன்டர்வியூ. ஒரிஜினல் இல்லாமல் அங்கே படியேற முடியாது.

"இந்த வேலை எனக்கு வேண்டாங்க சார். சர்டிபிகேட்டைக் குடுத்துடுங்க."

"சாவி மேனேஜரோட கரூர் போயிருச்சு. அடுத்த வாரம் வா."

"பரவால்லைங்க. சாவி வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்தாள். பயம் இல்லாமலில்லை, கால் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும், உட்கார்வதற்குக் கால் எதற்கு?

அட்மிஷனுக்காக ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். மனைவி சோபியாவைப் பார்த்து, "நீங்க டீச்சருங்களா?" என்றாள்.

"இல்லீங்க. இன்டர்வியூக்கு வந்தேன். சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறாங்க."

கணவர் மனைவியைப் பார்த்தார். செல்லமுத்துவின் காதிலிருந்து போன் இறங்கியது.

"ரஞ்சிதா! இந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டைக் குடுத்தனுப்பு!"

கரூர் போன சாவி ரஞ்சிதாவின் இடுப்பிலிருந்து வந்தது. சோபியா அவளோடு ஆபீஸுக்குப் போய், சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"என்னோட பி.காம் சர்டிபிகேட்டும் இதுக்குள்ளதானுங்க கெடக்குது" என்று ரஞ்சிதா முணுமுணுத்தாள். "சாவி என்னோட இடுப்புலயேதான் இருக்குது. எடுக்கத்தான் தைரியம் வரலீங்க."

"எனக்கும் கால் நடுங்குச்சுங்க. நடுக்கம் இன்னும் நிக்கல."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சோபியா திரும்பிப் பார்த்தாள். பீரோ இன்னும் திறந்தே இருந்தது. ரஞ்சிதாவின் கைகள் அதற்குள் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தன.