அத்தை சொன்னால்தான் வண்டி திரும்பும்

என் மாமனாருக்கு ரொட்டி வண்டி. பேக்கரியில் ரொட்டி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கடை கடையாகப் போட்டுவிட்டு வரவேண்டும். போன வருடம் பாலம் கட்டுகிறேன் பேர்வழி என்று பாதித் தெருக்களை ஒருவழிப் பாதையாக்கிவிட்டார்கள். மாமா திக்குத் திசை தெரியாமல் சுற்றினார். "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறேன்" என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார்.

போன் வழி காட்டுமே என்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. "முன்னபின்ன தெரியாத பொண்ணு சொல்லி நான் எதுக்குத் திரும்பணும்?" என்று நேராகப் போய்விடுவார். கடைசியில் என் மனைவி ஒரு ஜிபிஎஸ் டப்பா வாங்கினாள். அதில் நம் வீட்டு ஆள் குரலையே பதிந்துகொள்ளலாம். மாமாவை ஓட்டவிட்டு, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதிந்தாள். "லெஃப்ட்டுங்க. லெஃப்ட்டுங்கறேன்! அதுதான் உங்க லெஃப்ட்டா?" கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகிய மனிதர். அதற்குப் பிறகு ரொட்டி ஒரு நாளும் தாமதமானதில்லை.

அந்தக் குரலைத்தான் நான் அழித்துத் தொலைத்தேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அதாவது, அந்த வீட்டில் இருப்பவர்களைவிடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். கையையும் காலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா எனக்கு? புது மேப் ஏற்றித் தரலாமென்று டப்பாவை லேப்டாப்பில் செருகினேன். இடம் போதவில்லை, அழிக்கட்டுமா என்றது. பழைய மேப்பைத்தான் கேட்கிறது என்று ஆமாம் கொடுத்தேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. என்னையே சந்தேகப்படுகிறதா என்று கோபம் வந்து ஓங்கி அழுத்தினேன். திரை கறுத்துப்போனது. மேப்போடு அத்தை குரலும் போயிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "மேப் திரும்ப வந்துரும் சார். பதிஞ்ச குரலுக்குக் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்றது ஒரு பெண்குரல்.

"வெச்சிருந்தா உங்களுக்கு எதுக்குங்க போன் பண்றேன்!" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் பாவம், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து மேப்பைத் திரும்ப வரவழைத்தாள். அழிந்துபோன கடை விலாசங்களுக்காக, ஞாயிறும் வேலைக்குப் போயிருந்த மனைவியிடம் விஷயத்தை ஒப்புக்கொண்டேன்; அவள் அங்கிருந்தே அனுப்பினாள். கூடவே, "அப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள முடிங்க. இல்லன்னா நான் வீட்டுக்கு வரல" என்று ஒரு வரி.

அத்தையிடம் போனேன். "புது மேப்புக்குப் புதுசா ஒரு தடவை பேசணுமாம் அத்தை" என்று புளுகினேன். அத்தை முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு வந்து மேஜை முன் உட்கார்ந்தார். டப்பா 'பதிவு' என்று காட்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம். அடுத்து வரும் சாலையில் தாங்கள் இடப்புறமாகத் திரும்பலாம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "மாமாகிட்ட பேசற மாதிரி பேசுங்க அத்தை."

"அவரு எதிர்ல இருந்தாத்தானே எரிச்சல் வரும்? உங்கள வெச்சுக்கிட்டு எப்படி மாப்பிள்ளை வரும்?"

இதுதான் எனக்கு ஆகாது. வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரையும் வறுத்தெடுக்கிற அத்தை என்னை மட்டும் "உக்காருங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று வாசலோடு நிறுத்திவைத்த விருந்தாளியாகவே நடத்தினார். இத்தனை வருடமாக எனக்கு அது மனக்குறைதான். வெளியில் சொன்னதில்லை.

உள்ளே மாமா இருமினார். வேறு வழியில்லை. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு உண்மையை உடைத்தேன். "நான்தான் அத்தை அழிச்சேன். அழிக்கவான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் ஆமான்னுட்டேன்."

அத்தையின் முகம் சிவந்தது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நாளைக்கு அந்த மனுஷன் எந்தத் தெருவுல போய் முழிப்பாரு? பொழப்புல மண்ணப் போட்டியே!"

சூடு ஆறுவதற்குள், 'இடது', 'வலது', 'புறப்படு' என்று திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் விரலால் காட்டினேன். அத்தை என்னைப் பார்த்தே கத்தினார். "லெஃப்ட்! அதையாவது உருப்படியா செய்!" அடுத்தது. "ரைட்! மாப்பிள்ளையாச்சேன்னு மரியாதை குடுத்ததுக்கு எனக்கு இதுவும் வேணும்!" அடுத்தது. "வந்த வழியே திரும்பிப் போ!" எல்லாம் கச்சிதமாகப் பதிந்தது. திட்டு வாங்கி அத்தனை சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பயந்துகொண்டே நானும் வண்டியில் ஏறினேன். பேக்கரி வாசல் தாண்டியதும் டப்பா கத்தியது: "லெஃப்ட்! அதையாவது உருப்படியா செய்!" மாமா மறுபேச்சில்லாமல் திரும்பினார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த முனையில் "ரைட்! மாப்பிள்ளையாச்சேன்னு..." என்று ஆரம்பித்தது. அதற்கும் திரும்பினார். நேரத்துக்கு முதல் கடை வந்துவிட்டது. வண்டியை நிறுத்தியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது எனக்கு விழுந்த திட்டில்லையே. என்ன பண்ணித் தொலைச்சே?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன் மாமா."

வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்பத்தான் நீ நம்ம வீட்டு ஆளு. இறங்கு. அந்த ட்ரேயைத் தூக்கு." அதுவரை என்னை ஒரு ரொட்டியைக்கூடத் தொடவிட்டதில்லை அவர். இரண்டு பேருமாக இறக்கிவைத்தோம். கடைக்காரரிடம் மாமா இந்தக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். வண்டிக்குள்ளிருந்து டப்பா அலறியது.

"இன்னும் என்ன நின்னுக்கிட்டிருக்கே? கெளம்பு!"

இரண்டு பேரும் ஓடிப்போய் ஏறினோம்.