டீச்சர் காரின் துணி ஃபில்டர்

அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் பிரிசில்லா டீச்சரின் காரை எட்டு வருஷம் நான்தான் பார்த்தேன். காகித ஏர் ஃபில்டர்தான் மாட்டுவேன், அடைத்துக்கொண்டால் புதுசு. போன வருஷம் என்கூட வேலை பார்க்கும் உதயா, கழுவிக் கழுவிப் போடும் துணி ஃபில்டரை மாட்டிவிட்டான். அதிலிருந்து டீச்சர் வந்ததுமே, "உதயா எங்கே?" என்பார்.

இன்று உதயா லீவு. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். எண்ணெய் தடவாமல் மாட்டினால் தூசி எஞ்சினுக்குள் போகும், பழி அவன்மேல் விழும். எண்ணெய் இல்லாமலே மாட்டினேன். பானட்டைச் சாத்தக் கை வரவில்லை. எட்டு வருஷம் நான் காப்பாற்றிய எஞ்சின். கழற்றி எண்ணெய் தடவினேன்.

"உதயா சொன்ன மாதிரியே பண்ணீங்களாண்ணா?" என்றார் டீச்சர்.

"பண்ணிட்டேம்மா. பேப்பர்னா இந்தத் தொல்லையே இல்ல."