படகு நிறுத்தப்பட்ட மாதம்

இன்னும் வெளுக்கவில்லை. படகிலிருந்து இறங்கி, முழங்கால்வரை சேற்றில் புதைந்து, தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தாள் சுபிதா. பின்னால் லூசி. இருவரும் தீவின் வடகோடியில், திக்லிபூர்ப் பக்கம் ஒரு ஒப்பந்தக் கம்பெனி நடத்தும் சுகாதார மையத்து நர்ஸ்கள். ஓடைக்கு அக்கரையில் மீனவர் குடியிருப்பு. டிரம்மில் நெளியும் கொசுப்புழுவைக் கவிழ்த்துக் கொட்டி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, கர்ப்பிணிகளுக்கு பிரஷர் பார்த்து முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

அன்று சுகுணாவுக்கு பிரஷர் கூடியிருந்தது. ஏழாம் மாதம்.

"மாத்திரையை விடாதே. வர்ற வாரம் வந்து பார்க்கிறேன்" என்றாள் சுபிதா.

"நீங்க வந்தா போதும் சிஸ்டர். அவரு கடலுக்குப் போயிட்டா என்னைக் கூட்டிட்டு வர ஆளு இல்ல."

அந்த வாரமே மேனேஜர் சிவஞானம் படகை நிறுத்தினார்.

"கம்பெனிக்குக் கட்டுப்படியாகல. இனிமே படகுல ஊருக்குள்ள போறது பந்த். தேவைப்பட்டவங்க இங்க வரட்டும்."

"தேவைன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கே நாங்க போகணும் சார்."

"கான்ட்ராக்ட்ல இருந்துக்கிட்டு இவ்வளவு பேசக்கூடாது."

மாதம் முடிவதற்குள் சுகுணாவை அவள் புருஷன் மார்ட்டின் தோணியில் ஓடையைத் தாண்டி, தோளில் தூக்கிக்கொண்டு மையத்துக்கு ஓடி வந்தான். வலிப்பில் நாக்கு கடிபட்டிருந்தது.

"நேத்திலேர்ந்து தலைவலின்னா. வெயிலுன்னு நெனச்சேன் சிஸ்டர். தைலம் தேய்ச்சேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப் பறந்தது. பாதி வழியில், சுபிதாவின் மடியிலேயே, சுகுணா போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றோடு போயிற்று.

"முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் சிவஞானம்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, அவசரத்துக்கு ஒருத்தியை உள்ளே விட்டுவிட்டு, மற்ற நர்ஸ்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும்போது மீனவப் பெண்கள் வந்தார்கள். முன்னால் மார்ட்டின். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுபிதா தலையைக் குனிந்தாள். அவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"எங்க சிஸ்டருங்கள எங்ககிட்ட அனுப்புங்க சார்."

"எழுந்து போகலேன்னா எல்லாருக்கும் வேலை போகும்." சிவஞானம் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரும் எழவில்லை. வந்தவர்களில் வயிறு தள்ளிய பெண்களும் இருந்தார்கள். சுபிதா அவர்களைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்கினா, முகம் வீங்கினா, நெஞ்சுக்குழி வலிச்சா காத்திருக்காதீங்க..." குரல் உடைந்துவிட்டது.

"பின்னாடி கேக்கல!"

மீன் விற்கும் ஒச்சம்மா எழுந்து அதை உரக்கச் சொன்னாள். பின்வரிசை வாங்கிச் சொன்னது. தலைவலி, கண் மங்கல், முக வீக்கம். சாத்திய கதவில் மோதி, கோஷம்போல, அது சாலைவரை போயிற்று. மார்ட்டினின் உதடுகளும் அசைந்தன. சத்தம் வரவில்லை. லூசி அவனுக்கும் சேர்த்துச் சொன்னாள்.