சத்தம் மாறிய கடிகாரம்

"சத்தம் மாறிடுச்சுக்கா" என்று ஒரு மாதமாகத் தங்கை என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன அவள் புருஷனின் கைக்கடிகாரம் அது. காதோரம் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து இந்தப் புலம்பல்.

"கடிகாரத்துக்கு என்னடி, தொண்டையா கட்டிக்கும்?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி, வாயை அடைத்துவிடலாம் என்று இன்று நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து கடிகாரம் பழுது பார்க்கிற எங்கள் கடைக்கே அழைத்து வந்து, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, மேஜையில் அவருக்கு எதிரே அமர்ந்து பின்மூடியைத் திறந்தேன்.

திருகுகளின் தலைகளெல்லாம், உயர்ந்த மெருகு ஏறினால் தெரிகிற மாதிரி, கறுப்பாக மின்னின. அசல் மெஷின்தான் என்று நிம்மதியாக இருந்தது. அதே கையோடு மேல்தகட்டையும் கழற்றிப் பார்த்தேன். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. இழுப்பறையில் கிடந்த, இதே கம்பெனியின் அசல் சக்கரம் ஒன்றை எடுத்து இதன் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தேன். அசலில் ஒவ்வொரு பல்லும் வழவழவென்று இருந்தது. இதில் வெட்டிய பிசிறு அப்படியே நின்றது. சக்கரத்தின் அச்சைத் தாங்குகிற சிவப்புக் கல்லின் துளையோரமும் சொரசொரப்பு. சந்தேகமே இல்லை, நகல்.

நகல் செய்கிறவன் எவனும் திருகுத் தலைக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டான். ஒவ்வொன்றாக வெள்ளீயத் தகட்டில் தேய்த்து, பிளவின் ஓரத்தைக்கூடச் சாய்த்து மெருகேற்றுகிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது மேஜைக்கு எதிர்ப்பக்கம் இடுக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்காக ஒரு நாளும் இப்படி மெனக்கெடாத பாவி.

"அசல் எங்க?" என்றேன், தங்கைக்குக் கேட்காமல்.

அவர் நிமிரவில்லை. "நல்ல வெல வந்துச்சு, வித்துட்டேன்."

"யாருக்கு?"

"இந்நேரம் எத்தனை கை மாறிச்சோ. இனிமே கெடைக்காது."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க!"

"கேட்டா குடுத்திருப்பாளா?"

இடுக்கியைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் தங்கைக்கு எங்கள் வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. தெரிந்தால் இன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கிளம்பி எங்கே போவாள்? பொய் சொல்வதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. தகட்டைப் பூட்டி, மூடியை அழுத்தி, வெளியே கொண்டு போனேன்.

"அவரோடதுதானேக்கா?"

"அவரோடதேதான்டி. உள்ள ஒண்ணுகூட மாறல."

அவள் கண்ணை மூடிக் கடிகாரத்தைக் காதில் வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். வழக்கம்போல என்னோடு சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். மெதுவாகக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ எனக்குத்தான் அவரோட சத்தம் மறந்துபோச்சாக்கா?"