மூணு நூலும் பத்து எம்.எம்.மும்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து கிளம்பியது. வீட்டுக்குத் தளம் போடக் கம்பி வாங்க மாரண்டஹள்ளிக்குப் போயிருந்தேன். பத்து எம்.எம். வேண்டும் என்றேன். கல்லாவில் இருந்த அம்மாள் உள்ளே திரும்பி, "மூணு நூலு எடுத்துப் போடுங்க" என்று குரல் கொடுத்தார். இஞ்சில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். கட்டட வேலையில் மூன்று நூலும் பத்து எம்.எம்.மும் ஒன்றுதான். அதனால் எந்த வீடும் இடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த அம்மாளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் எடுத்தது ஒரு சொல், மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கதை முடியும்போது நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாவம் அவர்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

ஒகேனக்கல் இறக்கத்தில் வளைவு வந்ததும் பிரபாகர் பிரேக்கை மிதித்தான். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரைக்கும்

வேண்டாம். இப்படித் தொடங்கினால் பிரபாகர் பிழைப்பானா என்றே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிழைக்கிறான். வண்டியை மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதி நிறுத்தினான், மணிக்கட்டு முறிந்தது. பக்கத்தில் இருந்த தம்பி நவநீதனுக்குக் கீறல்கூட இல்லை. இது பிரபாகரின் மனைவி எழிலரசியின் கதை.

கம்பிக் கடை பெயருக்குத்தான் பிரபாகருடையது, நடத்துகிறவள் அவள். அவனுக்குப் பழைய வண்டிப் பைத்தியம். ஓசூரில் எங்கோ துருப்பிடித்துக் கிடந்த அம்பாசிடரை வாங்கிவந்து, மெக்கானிக் தஸ்லீமின் பட்டறையில் நிறுத்தினான். எழிலரசி அவனை "மரை கழண்ட ஆளு" என்பாள்.*

* மரை என்றால் திருகாணியில் ஓடும் சுற்று. அது சரியாகப் பொருந்தாவிட்டால் திருகாணிக்கும் ஆளுக்கும் ஒரே பேச்சுதான்.

முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. பெங்களூரில்தான் கிடைக்கும். எழிலரசி தினமும் பெங்களூருக்குப் போன் போட்டுச் சரக்கு சொல்கிறவள். தஸ்லீம் அவளிடம், "அக்கா, மூணு நூலு மரைன்னு சொல்லிக் கேளுங்க" என்றான்.

போனில் கடைக்காரர் அளவு கேட்டார். "பத்து எம்.எம்." என்றாள் அவள்.

யோசிக்கவே இல்லை. ஆயிரம் முறை சொன்ன வாய். அந்த வண்டிக்கு மரையெல்லாம் இஞ்சுக் கணக்கு; வந்த ஹோஸ் எம்.எம். கணக்கு. இரண்டுக்கும் அரை எம்.எம்.கூட வித்தியாசம் இல்லை. அதனால்தான் பொருந்துவதுபோல் ஏமாற்றும்.

3

"ஆடுதுங்கக்கா" என்றான் தஸ்லீம். இரும்புக் குழாயின் நட்டு ஹோஸின் வாய்க்குள் லொடலொடவென்று இறங்கியது.

"டேப்பு சுத்தி இறுக்கு தம்பி. கம்பிக்கடைக்காரி சொல்றேன், மூணு நூலும் பத்தும் ஒண்ணுதான்."

(முதல் பிரதியில் தஸ்லீம் இங்கே தீர்மானமாக மறுத்தான். அவள் அதட்டினாள், அவன் தலைகுனிந்து பணிந்தான். படித்துப் பார்த்தேன், எனக்கே கூசியது. நல்லவனை இன்னும் நல்லவனாக்கி அடி வாங்க வைப்பது மலிவான வேலை. அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். தஸ்லீம் சிரித்தான். பசி நேரம். டேப் சுற்றி இறுக்கினான். ஒரு கட்டத்தில் நட்டு நின்றது. பெடலை மிதித்துப் பார்த்தார்கள், அதுவும் நின்றது. "பாத்தியா?" என்றாள் எழிலரசி. அந்த "பாத்தியா" பிற்பாடு அவள் சோற்றிலும் தூக்கத்திலும் வந்து உட்கார்ந்தது.

4

இறக்கத்தில் அந்த நட்டு பிடுங்கிக்கொண்டு எண்ணெயெல்லாம் கொட்டிய விபத்துக்கு மறுநாள், தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நவநீதன் பட்டறைக்குப் போனான். தடுக்கத்தான் எழிலரசி பின்னாலேயே ஓடினாள். நான் அதை நம்புகிறேன்.

எதிர் டீக்கடையில் பாதி ஊர் நின்றது. தஸ்லீமைத் தெருவுக்கு இழுத்து நவநீதன் அறைந்தான்.

"எங்கண்ணன் செத்திருந்தா என்னடா பண்ணியிருப்ப? மரை பாக்கத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குடா பட்டறை?"

தஸ்லீம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழிலரசியைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தால் போதும். அவள் பட்டறைக்குள் நின்ற வேறொரு வண்டியின் நம்பர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

(அவளுக்கு அதிர்ச்சி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கொழுந்தன் முரடன்.) இவையெல்லாம் உண்மைதான். ஆனாலும் அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கட்டும். அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தால்தான் வாய் திறக்கவில்லை. திறக்காததால் வெட்கம் இரட்டிப்பானது.

அதற்குப் பிறகு பட்டறைக்கு வண்டிகள் வருவது நின்றது. "பிரேக்கையே சரியா மாட்டத் தெரியாதவன்" என்ற பேச்சு பாலக்கோடுவரை போய்விட்டது.

5

ஒரு மத்தியானம் எழிலரசி பட்டறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வூட்டிலேயே... வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனாள். (பார்த்தீர்களா, அவள் பேச்சு எனக்கும் தொற்றிவிட்டது.)

"வாங்கக்கா. அண்ணன் கை எப்பிடி இருக்குது?"

"தம்பி, அன்னிக்கு அந்த ஹோஸு..."

"எம்மேலதாங்கக்கா தப்பு" என்றான் அவன். "மூணு நூலுன்னு சொல்லிப்புட்டேன். கம்பிக்கடையில அது பத்துதானே? உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இஞ்சு மரைன்னு தெளிவா சொல்லியிருக்கணும். ஆடுறப்பவாச்சும் கழட்டியிருக்கணும்."

இங்கே அவள் அழுவாள் என்று திட்டமிட்டிருந்தேன். "இல்ல தம்பி, நாந்தான்" என்ற வசனமும் தயாராக இருந்தது. ஆனால் கை வேறொன்றை எழுதியது:

"ஆமா தம்பி. நீ தெளிவா சொல்லியிருக்கணும்."

சொன்ன மாத்திரத்தில் அவள் உடம்பெல்லாம் எரிந்தது. நானும் அந்த வரியைப் பலமுறை அடித்தேன். அடித்தால் எழிலரசி நல்லவளாகிறாள், கதை பொய்யாகிறது. மறுபடி எழுதிவைத்தேன்.

தஸ்லீம் தலையாட்டினான். அவனுக்கு அது புதிதில்லை என்பதுபோல் இருந்தது.

6

முடிவுகள்.

ஒன்று: அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் வீட்டில் உண்மையைச் சொல்கிறாள். பிரபாகர் மன்னிக்கிறான். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்று: கடை லாரிகளையெல்லாம் தஸ்லீமிடமே வேலைக்கு விடுகிறாள். பட்டறை பிழைக்கிறது. "அண்ணிக்குப் பெரிய மனசுங்க" என்று நவநீதன் ஊரெல்லாம் சொல்கிறான். அவள் மறுப்பதில்லை. நடக்கக்கூடியது இதுதான் என்று தோன்றுகிறது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

ஆகவே அவளைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போகிறேன். திரும்பி, "தம்பி" என்கிறாள். "சொல்லுங்கக்கா" என்கிறான் அவன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அழவைத்தாலும் சரி, காலில் விழவைத்தாலும் சரி. ஒன்றே ஒன்று: அவளை அவன் காதோடு பேசவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவன் அடி வாங்கியது தெருவில்.