ஞாயிற்றுக்கிழமை சூப்பு

என் வீட்டுக்காரர் சோலைச்சாமிக்கு இருபத்திரண்டு வருஷம் மில் வேலை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சுப் பொதியைப் பிரித்து அடிக்கிற ப்ளோ ரூமில்தான் முழுக்க முழுக்க. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

மில்லுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை விட்டு வந்ததும் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்து வெந்நீர் குடிக்க வேண்டும். நெஞ்சுக்குள் போன பஞ்சு அதில் கரைந்து இறங்கிவிடும் என்பார்கள். யார் சொன்னது, பார்த்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அதோடு நிற்காமல் என் பங்குக்கு இன்னும் சிலதைச் சேர்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தூதுவளை ரசம். செட்டியார்பட்டி போகிற வழியில் வேலியில் ஏறிக் கிடப்பதை, முள் கையைக் கிழிக்கக் கிழிக்கப் பறித்து வருவேன். இடையில் ஒரு நாள் முசுமுசுக்கை அடை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு நெஞ்செலும்பு சூப்பு, மிளகு தூக்கலாக.

அந்தச் சூப்பில்தான் எனக்கு அத்தனை கர்வம். வாரம் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற மனுஷன், ஞாயிறு மதியம் அதைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் தெருமுனை வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது மறுபடியும் நெஞ்சு இறுகியிருக்கும். "பாத்தீகளா, சூப்போட வேகம் ஒரு நாளைக்குத்தான் நிக்கிது" என்று சொல்லி அடுத்த வாரம் இன்னும் நாலு எலும்பைக் கூடப் போடுவேன்.

எங்கள் வளவில் குடியிருக்கிற எல்லாருக்கும் நான்தான் உதாரணம். "பாண்டிசெல்வி மாதிரி பொண்டாட்டி வாச்சா எம்புட்டுப் பஞ்சு உள்ள போனா என்ன?" என்று அடுத்த வீட்டுச் சுடலையம்மாள் அக்கா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இவருடைய தம்பி சிவபாண்டி சேத்தூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு தென்னந்தோப்புக் காவலுக்கு ஆள் தேடினார்களாம்.

"அண்ணே, இந்தத் தூசி உங்களுக்கு ஆகல. என்கூட வந்துருங்க. சம்பளம் கம்மிதான், காத்து நல்ல காத்து" என்றான்.

இவருக்கு ஆசை. அது கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார்.

"தோப்புல போயி என்னத்துக்குக் காவக் கெடக்கணும்?" என்றேன் நான். "தின்னு தேத்திக்கிடலாம். நான் எதுக்கு இருக்கேன்?"

சிவபாண்டி அன்றைக்கே பஸ் ஏறினான். மில்லில் கொடுத்த முகமூடியையும் இவர் அந்த வருஷம்தான் விட்டார். போட்டால் வேர்த்துக் கொட்டுகிறது, கருப்பட்டிதான் இருக்கிறதே என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

போன மாதம் ஒரு நாள் குளித்துவிட்டு, துண்டால் முதுகைத் துடைப்பதற்குள் மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினார். இன்னும் ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்றார்கள். அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "லீவு நாள்ல மூச்சு எப்படிம்மா இருந்துச்சு, ஆரம்பத்துல?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம நல்லாருப்பாக டாக்டரம்மா. அன்னைக்குத்தான் நெஞ்செலும்பு சூப்பு" என்றேன். அதோடு விட்டேனா? மிளகை எப்போது தட்டிப் போடணும் என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, அன்னைக்கு அவர் மில்லுக்குப் போகல. அதான் நல்லா இருந்திருக்கார்."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. 

"பஞ்சுத் தூசி முதல்ல இப்படித்தான் காட்டும். லீவு முடிஞ்சு திரும்பப் போனா இறுக்கும். அப்பவே விலகியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. சாப்பாடு இறங்குற வழி வேற, மூச்சு போற வழி வேறம்மா. கருப்பட்டி அங்க போகவே போகாது."

"இனிமே சரியாகிருமா?"

"போனது வராதும்மா. இருக்கிறதக் காப்பாத்தணும். மில் வேண்டவே வேண்டாம்."

இழுத்து உறிஞ்சுகிற மருந்தை எழுதிக்கொண்டே அவர் இவரைக் கேட்டார். "வயிறு முட்டச் சாப்பிட்டா மூச்சுத் திணறுதா ஐயா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையசைத்தார். ஒரு வருஷமாக அப்படித்தானாம்.

"பின்ன ஏன் அவ்வளவு சாப்பிடுறீங்க?"

பிறகு டாக்டரம்மாவே விளக்கினார். வயிறு நிறைந்தால் கீழேயிருந்து மூச்சை முட்டுமாம். ஆறு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக, குழைவானதாகக் கொடுக்க வேண்டுமாம். முட்டை, பருப்பு, கீரை எல்லாம் உடம்பு தேறத்தான், நெஞ்சைக் கழுவ இல்லை என்றார். இன்னொரு கரண்டி, இன்னும் ஒரே ஒரு கரண்டி என்று ஒரு வருஷமாக நான் அவர் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அரை டம்ளர் கஞ்சியில் பருப்பைக் குழைத்துக் கொடுத்தேன். நாலு கரண்டி குடித்தார், ஓய்ந்தார், மறுபடி நாலு கரண்டி. எதிரே உட்கார்ந்திருந்த எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சாப்பிடும்போது என் கை சும்மா இருந்ததே கிடையாது. பாழாய்ப் போன மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, இந்தக் கருப்பட்டி, சூப்பெல்லாம் சும்மான்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள தெரியும்தான? என் மனசு நோகக் கூடாதுன்னுதான தின்னீக?"

தெரியும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. சொல்லியிருந்தால் பழியில் பாதியை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு அழுது தீர்த்திருப்பேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். இப்போதெல்லாம் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது.

"இல்லட்டி," என்றார். "நீ சொன்னா... சரியாத்தான் இருக்கும்னு... நம்புனேன்."